ரிஷாரின் 9-ஆம் நம்பர் ஜெர்சி: துணி அருமை, தையல் சொதப்பல்
கனடாவின் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு ஆடிய மோரிஸ் ரிஷாரின் சிவப்பு ஐஸ் ஹாக்கி ஜெர்சி, நகல்தான், ஆன்லைனில் வாங்கினேன். துணி நல்ல கனம், குளிருக்கு இதம், நடுவில் ஓடும் நீலப் பட்டை சாயம் விடவே இல்லை. ஆனால் மூன்றாவது முறை துவைத்ததும் முதுகில் இருக்கும் 9-இன் ஓரம் பிரிந்துவிட்டது, அதுதான் கடுப்பு. இடக்கை ஆட்டக்காரராக இருந்தும் வலது விங்கில் (வலப்பக்கத் தாக்குதல் இடத்தில்) ஆடி, 1944-45 சீசனில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்து, 18 சீசனும் ஒரே அணியில் இருந்து, 544 கோல், 8 ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை) என்று 1960-ல் ஓய்வுபெற்ற மனிதரின் நம்பர் அது! அப்புறம் அந்த அணியில் வேறு யாருக்கும் 9 கொடுக்கவே இல்லை. கடைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார், சரி. வாங்குவதானால் ஒரு சைஸ் சின்னதாக எடுங்கள், தொளதொளவென்று இருக்கிறது.