பாதி சாமான் கட்டிய வீட்டுக்கு வந்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்

சாமான் கட்டிய பையன்களுக்கு ஐந்துக்கு ஐந்து. அவர்களை அனுப்பிய ஆபீசுக்கு இரண்டுதான், அதுவும் கடைசியில் ஒழுங்கான பில் கொடுத்ததற்காக. சராசரி போட்டு மூன்றரை ஸ்டார் என்று போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆபீசைத் திட்டினால் அந்தப் பையன்கள் தலையில்தான் வந்து விடியும்.

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அத்தை வீடு. முப்பது வருஷக் குடித்தனம். மகன் திருப்பாலையில் ஃபிளாட் வாங்கிவிட்டதால் அத்தையும் மாமாவும் அங்கே போகிறார்கள், இரண்டாவது மாடி. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை விடியற்காலையிலேயே பால் காய்ச்சியாகிவிட்டது. பால் காய்ச்சினால் அன்றைக்கு ராத்திரி அங்கேதான் படுக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். ஆகவே நாளைத் தள்ளிப்போட வழியே இல்லை.

"எல்லாம் கட்டியாச்சுத்தா, சில்லறைச் சாமான்தான் கிடக்கு" என்று முந்தின நாள் போனில் சொன்னார். போய்ப் பார்த்தால் கட்டியிருந்தது துணிமணி மட்டும். பழைய நூல் சேலைகளில் மூட்டை மூட்டையாக. அடுக்களை அப்படியே இருக்கிறது. அடுப்பில் ரசம் கொதிக்கிறது. பரணில் கொலு பொம்மை டிரங்குப் பெட்டிகள், பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்கள், பித்தளை அண்டா, ஓடாத மிக்சி இரண்டு, அதற்கு மேலே காலி ஸ்வீட் டப்பாக்கள். "இதெல்லாம் எதுக்கு அத்தை?" என்றால், "எதுக்காச்சும் ஆகும்" என்கிறார். மாமா தன் பங்குக்கு வாரப் பத்திரிகைகளை வருஷவாரியாகச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்போது 2009-இல் இருந்தார்.

இப்போது ஆபீஸ் கதை. டூ பெட்ரூம் என்று சொன்னதுமே போனில் 9,500 ரூபாய் என்றார்கள். ஆள் வந்து பார்க்கவில்லை. வீடியோ காலில் ஹால், பெட்ரூம், கிச்சன் காட்டச் சொன்னதோடு சரி. பரண் இருக்கிறதா, சந்து எவ்வளவு அகலம், புது வீட்டில் லிஃப்ட் உண்டா, எதையும் கேட்கவில்லை. பழைய மதுரையில் வீடு காலி செய்கிறவரிடம் பரணைப் பற்றிக் கேட்காமல் விலை சொல்கிற ஆள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்பது என் அபிப்பிராயம். வந்த லாரி சந்துக்குள் நுழையவே இல்லை. தெருமுனையில் நின்றுவிட்டது. பிறகு ஒரு குட்டியானையை வரவழைத்து, அதில் சாமானை முனை வரை கொண்டுபோய் லாரிக்கு மாற்றினார்கள். அதற்குத் தனிக் காசு.

நான்கு பையன்கள், எல்லாரும் உசிலம்பட்டிப் பக்கம். பாதி கட்டிய வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அவர்களில் மூத்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அக்கா, அம்மாவைக் கொஞ்சம் வெளித் திண்ணையில உக்கார வையுங்க. ஒவ்வொரு சாமானுக்கும் கேட்டுக் கேட்டுக் கட்டினா பொழுது போயிரும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு யாரும் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். அத்தையைத் திண்ணைக்கு அனுப்பி, கையில் அஞ்சறைப் பெட்டியையும் சாமி படத்தையும் கொடுத்துவிட்டோம்.

கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். பீங்கான் தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தார்கள். தட்டு நின்றால் குலுக்கலைத் தாங்கும், படுத்தால் மேல்தட்டின் பாரம் அடித்தட்டில் இறங்கிக் கீறிவிடும். மாமாவின் பத்திரிகைகளுக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. நாமாக இருந்தால் தலைகீழாகச் செய்து, தூக்கும்போது அட்டைப்பெட்டியின் அடி கழன்றிருக்கும். எண்ணெய் கேன் மூடிக்கு அடியில் பாலிதீன் வைத்துத் திருகி, மேலே டேப் சுற்றினார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மேலே எழுதாமல் பக்கவாட்டில் எழுதினார்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் படிக்கலாம் பாருங்கள். ஃபிரிட்ஜைச் சாய்க்காமல் நிறுத்தியே கட்டினார்கள். இறக்கிய பிறகும் நாலு மணி நேரம் சுவிட்ச் போட வேண்டாம், கம்ப்ரசர் ஆயில் இறங்கட்டும் என்றார்கள். இன்வர்ட்டர் பேட்டரியும் நிமிர்ந்தபடியே போனது. கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மறுத்துவிட்டார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குறையும் உண்டு. அவர்கள் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை, கண்ணில் பட்டதைக் கட்டிவிடுவார்கள். அரை மூடித் தேங்காய் பெட்டிக்குள் போய்விட்டது. அது பரவாயில்லை. மாமாவின் சுகர் மாத்திரையும் போய்விட்டது. 'சமையல்' என்று எழுதிய பெட்டிகளைத் திருப்பாலையில் ராத்திரி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மாத்திரை கிடைத்தது டிவி ரிமோட் இருந்த பெட்டியில். இப்படிப்பட்ட ஆட்களைக் கூப்பிடுகிறவர்கள் மாத்திரை, போன் சார்ஜர், பத்திரம், நகை, ஒரு செட் துணி, டீ போடப் பாத்திரம் இவற்றை முதலிலேயே ஒரு பையில் போட்டு யாராவது ஒருவர் தோளில் மாட்டிவிடுங்கள்.

புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30 வரை. அந்த நேரத்தில் வண்டி நகரக் கூடாது என்று அத்தை திண்ணையிலிருந்தே அறிவித்துவிட்டார். பையன்கள் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார்கள், அடுப்பில் இருந்த ரசமும் காலியானது. ஆனால் ஆபீஸ் அதற்கு வெயிட்டிங் சார்ஜ் போட்டது! ராகுவுக்கு 500 ரூபாய்.

மொத்தக் கணக்கு: முதலில் சொன்ன 9,500, குட்டியானைக்கு 1,800, கூடுதல் பேக்கிங்குக்கு 2,400, வெயிட்டிங் 500, ஆக 14,200. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,556. "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுக்கலாம்" என்று போனில் ஒருவர் ஆசை காட்டினார். மாமா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விடவில்லை. அது நல்லதுதான். ஏதாவது உடைந்தால் பில் இல்லாமல் எதை வைத்துக் கேட்பது?

உடைந்தது ஒன்றே ஒன்று, அத்தையின் ஊறுகாய் ஜாடி. பையன்கள் கட்டியது இல்லை. அத்தையே முந்தின நாள் ஒரு சேலை மூட்டைக்குள் செருகி வைத்திருந்தார். வீட்டுக்காரர் கட்டிய சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆபீஸ் அதைக் காட்டிக் கையை விரித்தது. அவர்கள் கட்டிய மற்ற ஜாடிகளில் கீறல்கூட இல்லை. ஆகவே என் யோசனை இதுதான்: ஆளுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் முழுவதையும் அவர்களே கட்டட்டும். அரைகுறையாக நாம் கட்டி வைப்பதில் மிச்சமும் இல்லை, உடைந்தால் கேட்க நாதியும் இல்லை.

சித்திரையில் சித்தப்பா வீடு மாறுகிறார். அவருக்கும் இந்தப் பையன்களையே சொல்லியிருக்கிறேன். விலை பேசும்போது வீடியோ காலில் பரணையும் சந்தின் அகலத்தையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். "பரணா? அதுல ஒண்ணுமே இல்லையேத்தா" என்கிறார்.