ஒற்றைக் கல்லா, விரித்த தரையா?

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் டைல் கல் வார்க்கும் என் சித்தப்பா, இணையத்தில் கடை விரிக்க ஆசைப்பட்டார். பக்கத்தை இரண்டு விதமாக வரைந்து கொடுத்தேன். ஒன்றில் நாற்பது டிசைன்களும் கட்டம் கட்டமாக, கல்லுக்கு ஒரு படம். மற்றதில், கல் பதிக்கப்போவது வீட்டின் முன்பக்க முகப்பிலா, உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலா என்ற கேள்வி முதலில். பிறகு ஆறே டிசைன், ஒவ்வொன்றும் விரித்த தரையாக.

“இருக்கிற சரக்கையெல்லாம் காட்ட வேண்டாமா?” என்றார் சித்தப்பா.

நான் ஜாம் கதையை எடுத்துவிட்டேன். உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. கடையில் ருசி பார்க்கும் மேசையில் 24 வகை ஜாம் வைத்தபோது, அங்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஆனால் இதை மட்டும் நம்பி வடிவமைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இத்தகைய சோதனைகள் பலவற்றை 2010இல் சேர்த்து அலசியபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்றே வந்தது.

விரித்த தரையே நல்லது என்ற என் கட்சிக்கு வலுவான சாட்சி, கண் பொருள்களைக் கூட்டாகப் பார்க்கும் விதம் பற்றி உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் எழுதியது. அருகருகே இருப்பவற்றையும், கோடு தொடர்ந்து ஓடுபவற்றையும் கண் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஆத்தங்குடிக் கல் பலவற்றில் இருப்பது கால் பூதான். நான்கு கல் கூடினால்தான் முழுப்பூ. பக்கத்துவீட்டு ஆச்சியிடம் ஒற்றைக் கல் படத்தைக் காட்டினேன். “மூலையில் என்னப்பா கறை?” என்றார். கறையல்ல, இதழின் நுனி. விரித்த தரையைக் காட்டியதும், “இது எங்கள் வளவில் கிடக்கிற பூவல்லவா!” என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் சித்தப்பா முழுக்கத் தோற்கவில்லை. பழைய வீட்டில் நான்கு கல் உடைந்து, அதே கல்லைத் தேடி வருபவருக்குக் கேள்வியும் ஆறு டிசைனும் தொல்லை. உடைந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க அவருக்குக் கட்டப் பக்கமே வசதி. தரைப் படங்கள் கனமானவை, மெதுவாகத் திறக்கும் என்பதும் உண்மை.

எனவே இணையதளத்தின் முதல் பக்கத்தில் தரை, ‘எல்லா டிசைன்களும்’ என்ற பொத்தானுக்குப் பின்னால் கட்டம். சித்தப்பா பதினாறு கல்லை முற்றத்தில் அடுக்கிப் படமெடுத்து அனுப்பினார். கண்ணாடி மேல் வார்த்த கல்லல்லவா, பளபளப்பில் பூவை விட அவர் முகம்தான் தெளிவாகத் தெரிந்தது.