கட்டணமா, எண்ணிக்கை வரம்பா, தங்குமிடக் கட்டுப்பாடா? சுற்றுலா நெரிசலுக்கு எதிரான மூன்று வழிகள்

2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் பதிவான பன்னாட்டுச் சுற்றுலா வருகைகள் ஏறத்தாழ 146 கோடி. பெருந்தொற்று வந்த 2020-இல் அந்த எண்ணிக்கை 40 கோடி அளவுக்குச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 140 கோடியைத் தொட்டது. அறைகள் காலியாகக் கிடந்ததே இத்துறையின் பெருங்கவலையாக இருந்த காலம் இவ்வளவு விரைவில் மாறி, வருவோரை எப்படிக் குறைப்பது என்று பல நகரங்கள் ஆலோசிக்கும் நிலை வந்துவிட்டது. அதற்காக அவை கையில் எடுக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று: வருவோரிடம் கட்டணம் வாங்குவது, வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது, தங்குவதற்கான இடங்களைக் கட்டுப்படுத்துவது. எதைக் காப்பதற்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாமல் இவற்றை ஒப்பிட முடியாது. பவளப்பாறையைக் காப்பதும், நகரத்தில் வாழ்பவரின் வீட்டைக் காப்பதும் வேறு வேறு வேலைகள்.

கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், தேர்ந்தெடுத்த 29 நாட்களில், பகலில் மட்டும் வந்துபோவோரிடம் 5 யூரோ வசூலித்தது. இரவு தங்குவோர் ஏற்கெனவே தங்கும் வரி செலுத்துவதால் அவர்களுக்கு விலக்கு. 2025-இல் நாட்கள் 54 ஆயின. கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்குக் கட்டணம் 10 யூரோ ஆனது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 24 லட்சம் யூரோ சேர்ந்தது. ஆனால் கூட்டம் குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இதில் வியப்பு ஏதுமில்லை. விமானத்துக்கும் ரயிலுக்கும் பெருந்தொகை செலவிட்டு வந்த ஒருவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டார். எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பது நகர நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியவந்ததுதான் இத்திட்டத்தின் உண்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் உயர்ந்த கட்டணம் விதித்தால் போதுமா என்ற கேள்விக்குப் பூட்டானின் அனுபவமே தெளிவான விடை. 1974-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோதே, குறைந்த எண்ணிக்கையும் உயர்ந்த வருவாயும் என்ற கொள்கையை அந்நாடு ஏற்றுக்கொண்டது. 2022 செப்டம்பரில் எல்லையை மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 65 டாலராக இருந்த நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 200 டாலராக உயர்த்தியது. 2019-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த வருகை, 2023-இல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. பெருந்தொற்றின் தாக்கத்தையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாலும், உயர்ந்த கட்டணம் கூட்டத்தைத் தடுக்கும் என்பது உறுதியாகிறது. ஆனால் அதன் சுமை முதலில் விடுதி நடத்துபவர், வழிகாட்டி, வண்டி ஓட்டுநர் ஆகியோர் மீதே விழுந்தது. 2023 செப்டம்பரில் கட்டணம் 100 டாலராகக் குறைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். இந்தியர்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு 1,200 ரூபாய் என்ற தனிக் கட்டணம் தொடர்கிறது. வருவோரில் மிகப் பெரும் பங்கினர் அவர்களே என்பதால், 200 டாலர் கொள்கை முழுமையாகச் சோதித்துப் பார்க்கப்படவே இல்லை என்றும் சொல்லலாம்.

கட்டணத்தின் மீது எனக்குள்ள அடிப்படை மறுப்பு வேறு. அது வருவோரைப் பணப்பையால் வடிகட்டுகிறது. ஓர் இடத்தின் மீது ஆழ்ந்த ஆர்வம் கொண்ட மாணவரை வெளியே நிறுத்திவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பும் வசதியானவரை உள்ளே விடும் முறையை நியாயமான முறை என்று என்னால் ஏற்க முடியவில்லை. சேரும் பணம் எங்கே போகிறது என்பது வெளிப்படையாக இருந்தால் இக்குறை ஓரளவு ஈடாகும். 2024 ஆகஸ்டில் நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக இரட்டிப்பாக்கிய, ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் அப்பணம் இயற்கைப் பாதுகாப்புக்கும் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் பிரித்துத் தரப்படுகிறது.

எண்ணிக்கை வரம்பில் பணத்தின் செல்வாக்கு குறைவு. முன்கூட்டித் திட்டமிடுபவருக்கே இடம் கிடைக்கும். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018-இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, படகுகள் விரிகுடாவுக்குள் வருவதும் நீந்துவதும் தடை செய்யப்பட்டன; ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. மூடியிருந்த காலத்தில் கருமுனைச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்ததும், நடப்பட்ட பவளங்கள் வளரத் தொடங்கியதும் இம்முறையின் வலிமையைக் காட்டின. எந்தக் கட்டணமும் இதைச் செய்திருக்காது.

ஆனால் வரம்பு செயல்பட ஒரு வாசல் வேண்டும். மாயா விரிகுடாவுக்குக் கடல்வழி மட்டுமே உண்டு. பெரு நாட்டின் பழைய இன்கா மலைநகரமான மச்சு பிச்சுவுக்கு நுழைவாயில் உண்டு. அங்கும்கூடச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. 2024 முதல் சாதாரண நாட்களில் 4,500 பேரும் நெரிசல் மிகுந்த நாட்களில் 5,600 பேரும் அனுமதிக்கப்படுகின்றனர். அதே ஆண்டு ஜனவரியில், சீட்டு விற்பனை ஒரு தனியார் இணையத்தளத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து உள்ளூர் மக்கள் ரயில் பாதையை மறித்ததால், பல நாட்கள் சுற்றுலாவே முடங்கியது. சீட்டை விற்பவரே யார் பிழைப்பார் என்பதைத் தீர்மானிக்கிறார் என்பதை அம்மக்கள் நன்றாக அறிந்திருந்தனர். விடுதிகளுக்கும் இதில் தனியான இடர் உண்டு: அறை பதிவு செய்த விருந்தினருக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காவிட்டால் அறையும் ரத்தாகும்.

கட்டணத்தையும் வரம்பையும் சேர்த்து, தடுக்க விரும்பும் நடத்தையைக் குறிவைத்த முயற்சியாக ஃபியூஜி மலையைச் சொல்வேன். 2024 கோடையில் அம்மலையில் ஏறும் யோஷிடா பாதையில் 2,000 யென் கட்டணமும் நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வந்தன. அவற்றோடு, மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களுக்கு மாலை 4 மணி முதல் அதிகாலை 3 மணி வரை வாயில் மூடப்பட்டது. ஓய்வின்றி இரவெல்லாம் ஏறி விபத்துக்குள்ளாவோரைத் தடுப்பதே நோக்கம். மறுநாள் வரலாம் அல்லது குடிலில் தங்கலாம் என்பதால் யாரும் முற்றாக ஒதுக்கப்படவில்லை. நோக்கம் இவ்வளவு தெளிவாக இருந்தால் விதியும் எளிதாகிறது.

நூறு தெருக்கள் வழியாக நுழையக்கூடிய, மக்கள் வாழும் நகரத்துக்கு இவை இரண்டும் போதா. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம் ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பல்கள் என்று 2019-இல் வரம்பு வகுத்தது. கப்பல் துறைமுகம் ஒரு வாசலாக இருந்ததால் அது முடிந்தது. பார்சிலோனாவுக்கு அப்படியொரு வாசல் இல்லை. அங்கு மக்களின் முதன்மையான குறை, தெருவில் கூட்டம் என்பதைவிட, வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்பது. ஆகவே 2024 ஜூனில் மேயர் ஜாவுமே கோல்போனி, பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடப்படும் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படமாட்டா என்று அறிவித்தார். நியூயார்க் இதற்கு முன்பே, 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்கும் குறைவான காலத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர் பதிவு செய்திருக்க வேண்டும், தானும் உடன் தங்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் ஏற்கக்கூடாது என்ற விதியை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

வாழும் நகரங்களைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது வழியே சரியான இடத்தில் கைவைக்கிறது என்பது என் முடிவு. ஆனால் இதன் பலனை மிகைப்படுத்துவதும் தவறு. நியூயார்க்கில் ஏர்பிஎன்பி என்ற வாடகை இணையத்தளத்தின் குறுகிய கால வாடகைப் பதிவுகள் பெருமளவு மறைந்தன. ஆனால் அவ்விதி நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன், 2023-இன் முற்பாதியில் எடுக்கப்பட்ட அந்நகரின் கணக்கெடுப்பில் வாடகை வீடுகளில் 1.4 விழுக்காடு மட்டுமே காலியாக இருந்தன. பல பத்தாண்டுகளாகக் கட்டப்படாத வீடுகளுக்கு ஒரு வாடகை விதி ஈடாக முடியாது. மேலும், போட்டியை இழந்த ஹோட்டல்கள் விலையை உயர்த்த வழி கிடைக்கிறது. இத்தகைய சட்டங்களுக்காக ஹோட்டல் துறை ஆர்வத்துடன் வாதிடுவதை அந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குறையை ஆம்ஸ்டர்டாம் ஓரளவு நேர்மையாகக் கையாள்கிறது. பயணிகளுக்கு வீடு வாடகைக்கு விடுவோருக்கு ஆண்டுக்கு 30 இரவுகள் என்று 2019-இல் விதிக்கப்பட்ட வரம்பு ஒருபுறம். ஓர் ஹோட்டல் மூடப்பட்டால்தான், அதுவும் படுக்கைகளின் எண்ணிக்கை கூடாமல், புதிய ஹோட்டலுக்கு அனுமதி என்ற 2024-ஆம் ஆண்டு விதி மறுபுறம். அறை வாடகையில் 12.5 விழுக்காடு தங்கும் வரியும் உண்டு. இங்கே ஹோட்டல்களும் தம் பங்கைச் சுமக்கின்றன, ஏற்கெனவே நகரில் இருப்பவை புதியவர்களைவிடச் சற்று வசதியான நிலையில் இருந்தாலும்கூட.

பார்சிலோனாவில் அந்த 10,101 குடியிருப்புகளும் 2028-க்குப் பின் நீண்ட கால வாடகைக்கு வருகின்றனவா, அல்லது சில மாதங்களுக்கு மட்டும் விடப்படும் பருவகால வாடகை வீடுகளாகப் பெயர் மாறிப் போகின்றனவா என்பதை அந்நகர நிர்வாகம் வீடு வீடாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அதற்கான ஆய்வாளர்களையும் பதிவேட்டையும் இப்போதே ஏற்பாடு செய்யாவிட்டால், அந்த விதி உரிமத்தை மட்டுமே ஒழிக்கும்.