ரூர் சரளைப் பாதைகள்: எர்ட்ஸ்பான்ட்ராஸவா, கால்வாய்க் கரையா?

ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-இல் மூடப்பட்டது. கார் தொந்தரவில்லாமல் அங்கே சைக்கிள் ஓட்ட இரண்டு நல்ல வழிகள் உண்டு.

எர்ட்ஸ்பான்ட்ராஸ, கால்வாய்த் துறைமுகத்திலிருந்து போஹும் (Bochum) நகர எஃகு ஆலைக்கு இரும்புத்தாது ஏற்றிச்சென்ற பழைய ரயில் தடம். சுமார் 9 கி.மீ. மேட்டின் மேலேயே போவதால் சாலைகளெல்லாம் பாலத்துக்கடியில் கடந்துவிடும்; சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதில்லை. சரக்கு ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றமும் மிகக் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் என் தேர்வு. ஞாயிறு மதியம் மட்டும் கூட்டம் அதிகம், வேகம் எடுக்க முடியாது.

ரைன்-ஹெர்னே கால்வாய்க் கரை நீண்ட பயணத்துக்கு. கால்வாயின் நீளம் சுமார் 45 கி.மீ. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் ஓபர்ஹவுசனில் தொடங்கிக் கிழக்கே போங்கள். எதிர்த்திசையில் வந்தால் ஒதுங்க இடமில்லாமல் முழங்கால் கெஞ்சும். கரையோரப் பணிகளுக்காகப் பாதையை அடைப்பதும் உண்டு, வரைபடம் கையில் இருக்கட்டும்.

தளத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் ஒரே தொல்லை: இறுக்கிய கல்தூள். மழையில் அது குழைந்து செயினில் அப்பும். காயவிட்டால் பற்சக்கரத்தை அரைக்கும். அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். 75 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் 2.3 பார் (bar) காற்றழுத்தம் போதும். இரண்டு பாதைகளும் கெல்சன்கிர்ஷன் நகரில், கிரிம்பெர்க் துறைமுகத்தருகே சந்திக்கின்றன. அங்கே உள்ள வளைந்த நடைபாலத்தில் ஏறி மாறிக்கொள்ளலாம்.