ஒரு 'எல்' போதுமா, இரண்டு வேண்டுமா?

'டிராவல்' என்ற சொல்லோடு 'இங்' சேர்க்கும்போது பிரிட்டிஷார் 'எல்' எழுத்தை இரட்டிக்கிறார்கள். அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'கேன்சல்', 'மாடல்', 'லேபல்' எல்லாவற்றிலும் இதே தகராறுதான். அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி ஒற்றை எல் பக்கம் நின்றது.

விதி என்று பார்த்தால் அமெரிக்க முறைதான் ஒழுங்கு. கடைசி மெய்க்கு முன்னால் ஒற்றை உயிரெழுத்து இருந்து, உச்சரிப்பின் அழுத்தமும் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம். 'ரெஃபர்' சொல்லில் அழுத்தம் கடைசியில், அதனால் 'ரெஃபர்டு' என்பதற்கு இரண்டு ஆர். 'ஆஃபர்' சொல்லில் அழுத்தம் முதலில், எனவே 'ஆஃபர்டு' என்பதற்கு ஒரே ஆர். இதுவரை பிரிட்டனும் ஒத்துப்போகிறது. எல் வந்ததும்தான் அழுத்தத்தை மறந்து இரட்டிக்கிறது. அதிலும் 'பேரலல்' மட்டும் தப்பித்தது. நடுவில் ஏற்கெனவே இரண்டு எல் இருக்கிறதே!

சரி, அமெரிக்கர்களையும் முழுசாக நம்ப முடியாது. 'கேன்சல்டு' என்றால் ஒரு எல், 'கேன்சலேஷன்' என்றால் இரண்டு. 'ஸ்கில்' உடன் 'ஃபுல்' சேர்த்தால் நிலைமை தலைகீழ்: அவர்கள் இரண்டு 'எல்' எழுத்தையும் வைத்துக்கொள்ள, பிரிட்டிஷார் ஒன்றை வெட்டுகிறார்கள்.

நம் பள்ளிப் பாடங்கள் பிரிட்டிஷ் வழி. தேர்வில் இரட்டை எல்லே எழுதுங்கள். அமெரிக்க நிறுவனத்துக்கு விண்ணப்பம் என்றால் ஒற்றை. அப்புறம், கணினியில் சிவப்புக் கோடு விழுந்ததும் திருத்திவிடாதீர்கள். மொழி அமைப்பு 'யூஎஸ்' என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள்.