ஜோங்கா: பெட்ரோல் இன்ஜினை மாற்றாமல் ஓட்டிய அனுபவம்

ராணுவ ஏலத்தில் கழிக்கப்பட்டுப் பல கை மாறி, குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கொட்டகையில் நின்றிருந்த ஜோங்கா என்ற ராணுவ ஜீப் ஒன்றை வாங்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது, "டீசல் இன்ஜின் மாத்திட்டீங்களா?" என்பதுதான். மாற்றவில்லை. அதனால் கிடைத்த நன்மைகளையும் பட்ட தொல்லைகளையும், இதே வண்டியை வாங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நிசான் பேட்ரோல் 60 வரிசையை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை இந்திய ராணுவத்துக்காகத் தயாரிக்கப்பட்ட வண்டி இது. உள்ளே இருப்பது 3956 சி.சி. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சிலிண்டர் விட்டம் 85.7 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 114.3 மி.மீ. விட்டத்தைவிட வீச்சு இவ்வளவு நீளமாக இருப்பதால்தான், சேறான ஏற்றத்தில் லோ கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமலே விட்டாலும் வண்டி நின்றுவிடாமல் நிதானமாக ஏறுகிறது. இந்தக் குணத்தை அனுபவித்த பிறகு, மைலேஜுக்காக இன்ஜினைக் கழற்றி வீசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

புத்துயிர் கொடுக்கும் வேலையில் முதலில் பணத்தைக் கேட்டது, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட். ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் வடிவமைக்கப்பட்ட இன்ஜின் இது. நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பிறகு, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயப் படிவு தந்துவந்த பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் சரியாக வைத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி அளந்தால், எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் அது குறைந்திருக்கும். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பொருத்திய பிறகு, வைத்த இடைவெளி வைத்தபடியே இருக்கிறது.

இப்போதைய தலைவலி எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பங்குகளில் வழக்கமாகிவிட்ட நிலையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர் எரிபொருள் பாதை முழுவதையும் ஒருமுறை சந்தேகக் கண்ணோடு பார்த்தே ஆக வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை உப்பவைக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்க்கின் உட்புறத்தில் துருவைக் கிளப்பும். என் வண்டியில் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் பிசுபிசுத்து அலையலையாய்ச் சுருங்கியிருந்தது. கார்புரேட்டரின் அடியிலோ செம்மண் கரைத்தது போன்ற வண்டல். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்து, ஹோஸ்கள், டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்துபோய், ஏற்றத்தில் இன்ஜின் இருமியது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைச் சற்றே பெரிதாக்கியதும் சரியாயிற்று. கல்லாறிலிருந்து பர்லியாறு நோக்கி வெயிலில் ஏறும்போது பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவதுண்டு. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு கொடுத்ததில் அது பெருமளவு குறைந்திருக்கிறது. முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். டேங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதுதான் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு. வாரத்துக்கு ஒருமுறையாவது, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிடுகிறேன்.

முன்அச்சின் இரு முனைகளிலும் உள்ள உருண்டை வடிவ உறைகளைத் திறந்தபோது, கிரீஸும் டிஃபரன்ஷியல் எண்ணெயும் மழைநீரும் கலந்து கருங்கூழாக வழிந்தன. முன்சக்கரம் இடம்வலமாகத் திரும்பத் தாங்கும் கிங்பின் பேரிங்குகளில் உருளைகள் அழுத்திய வரிசைத் தழும்புகள் தெளிவாகத் தெரிந்தன. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் உதறியதற்குக் காரணம் இதுதான். அதற்காக ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொன்ன மெக்கானிக்குகளும் உண்டு. பேரிங்கையும் ஆயில் சீலையும் ஜோங்காவின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணையும், சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமனையும் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தும் கிடைக்காத சில பொருட்கள், பழைய ஜீப்புகளுக்குப் பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து பார்சலில் வந்து சேர்ந்தன.

பிரேக்கைப் பற்றி மிகையின்றிச் சொல்கிறேன்: நான்கு சக்கரங்களிலும் டிரம்தான்; இன்றைய கார் பழகிய காலுக்கு இது போதவே போதாது. பிரேக் ஷூக்களைத் தள்ளும், தேய்ந்துபோன வீல் சிலிண்டர்களுக்குப் பித்தளை ஸ்லீவ் போட்டு, ஷூக்களைச் சமமாகத் திருகி வைத்த பிறகு ஒரு பக்கம் இழுப்பது நின்றது. ஆனால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்தான். பிரேக் அதற்குத் துணை மட்டுமே.

மூல நிலையில் பாதுகாக்க விரும்புகிறவருக்குச் சட்டமே குறுக்கே நிற்கும் இடம் ஒன்று உண்டு. ராணுவப் பச்சையான ஆலிவ் கிரீனைப் பாதுகாப்புத் துறை அல்லாத வண்டிகளுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. வெளியே மணல் நிறம் அடித்திருக்கிறேன். டேஷ்போர்டின் பின்புறத்தில் பழைய பச்சையைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட 'விஏ' வரிசைப் பதிவு கௌரவமானதுதான். ஆனால் அதில் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு அன்றி அன்றாடம் ஓட்ட முடியாது. ஓடாமல் நின்றால் கெட்டுப்போகும் வண்டிக்கு அது எதற்கு? என் வண்டி அந்த வயதை எட்டிய பிறகும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பசுமை வரி கட்டும் சாதாரணப் பதிவையே தொடர்வேன்.

லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள் வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு டீசலுக்கு மாறுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் கழற்றிப் போடும் பெட்ரோல் இன்ஜினும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போகின்றன; என் வண்டியில் இப்போது இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படி வாங்கியதுதான்.