தீட்டிய அரிசியா, தவிட்டரிசியா?

தவிட்டரிசியின் நன்மைகளை அறிந்தவர்கள்கூட அன்றாடச் சமையலுக்கு வெள்ளை அரிசியையே எடுப்பதற்கு நாக்கு மட்டும் காரணமன்று. வெள்ளைப் புழுங்கலரிசி அரைமணி நேரத்துக்குள் வெந்து, வடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்து, சாம்பார், ரசம், மோர் என எதை ஊற்றிப் பிசைந்தாலும் அதனோடு சேர்ந்துகொள்ளும். தவிட்டரிசியோ இரவே ஊறவைத்தாலும் கூடுதல் நேரமும் தண்ணீரும் கேட்கும், வெந்த பின்னும் மென்றுதான் விழுங்க வேண்டும். தவிட்டிலுள்ள எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதால், மூட்டையாக வாங்கிப் போடும் வீடுகளுக்கு அது ஒத்துவருவதில்லை.

சத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். 1890களில் ஜாவாவில், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளின் கால்கள் தளர்ந்ததையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் கண்ட டச்சு மருத்துவர் எய்க்மான், நரம்புகளைத் தாக்கிக் கால்களைத் தளர்த்தும் பெரிபெரி நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியதற்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்நோயைத் தடுக்கும் பி1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதியும் நார்ச்சத்தும் தவிட்டோடுதான் போகின்றன. எனினும் நெல்லை அவிக்கும்போது பி1 ஓரளவு அரிசி மணிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசியையும் பச்சரிசியையும் வெள்ளை என்ற ஒரே கணக்கில் சேர்ப்பது சரியன்று. நீரிழிவுக்காரர் தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாவைத் தேடுவதில் நியாயம் உண்டு. அளவு மீறினால் அதிலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வயிற்றுப்போக்கில் படுத்தவருக்கோ குழைய வடித்த வெள்ளைச் சோறே ஏற்றது.